முன்னே கொண்டு வா: ஒரு கட்டளை வளர்ந்த கதை

நாற்பது ஆண்டுகளாக யாருக்கும் உட்கார வைத்து விளக்க வேண்டியிராத கட்டளை ஒன்று டிசைன் மென்பொருள்களில் இருக்கிறது. ஒரு படத்தை இன்னொரு படத்துக்கு முன்னால் கொண்டு வருவது, அல்லது பின்னால் தள்ளுவது. பந்திங் எனும் தொங்கு பதாகை அடிக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்த பையன் முதல் நாளே இதைக் கற்றுக்கொள்வான். பொத்தானைத் தட்டினால் படம் முன்னால் வரும். வராவிட்டால் இன்னொரு முறை தட்டுவான். இதற்குப் போய் யார் கையேட்டைப் புரட்டுவார்கள்?

இப்போது அதே கட்டளைக்கு வரி வரியாக விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. படிக்கப்போவது மனிதர் அல்ல, ஏஐ ஏஜெண்ட். நாம் வாயால் சொன்ன வேலையை மென்பொருளுக்குள் புகுந்து தானே செய்து முடிக்கும் நிரல் அது. கண்ணால் பார்த்தே புரிந்துகொண்ட ஒரு சங்கதியை எழுத்தில் இறக்கி வைக்க வேண்டிய நிலை எப்படி வந்தது? அந்தக் கதை கணினிக்கு முன்பே தொடங்குகிறது.

கையில் இருந்த வரிசை

பெயர்ப்பலகை எழுதுபவருக்கு வரிசை என்பது நேரம்தான். முதலில் பூசியது அடியில் இருக்கும், கடைசியில் பூசியது மேலே தெரியும். பின்னணி நிறம் காய்ந்த பிறகுதான் எழுத்தில் தூரிகையை வைப்பார். சில்க்ஸ்கிரீனில் இது இன்னும் கறார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சட்டம் உண்டு. தைப்பூசத் தொண்டர்களுக்குக் கறுப்புச் சட்டையில் மஞ்சள் வேல் அடிக்க வேண்டுமென்றால், முதலில் அந்த வேலின் வடிவத்தில் வெள்ளை அடித்து, அது காய்ந்தபின் மேலே மஞ்சள் அடிப்பார்கள். வெள்ளையை விட்டுவிட்டால் கறுப்பு மஞ்சளை விழுங்கிவிடும். வரிசை தப்பினால் சட்டை பாழ்தான்.

நேரத்தோடு ஒட்டிக்கிடந்த இந்த வரிசையைத் தனியே பிரித்தெடுத்தவர்கள் கார்ட்டூன் படக்காரர்கள். அமெரிக்காவில் ஏர்ல் ஹர்ட் 1914 இறுதியில் விண்ணப்பித்து 1915இல் ஒரு காப்புரிமை பெற்றார். நகரும் உருவத்தை மட்டும் ஒளி ஊடுருவும் செல்லுலாய்ட் தாளில் வரைவது, நகராத பின்னணியை ஒரே ஒரு முறை வரைந்து அடியில் வைப்பது என்பதுதான் அதன் சாரம். அதற்கு முன்பு, ஆயிரக்கணக்கான படங்களிலும் அதே மலையையும் அதே மரத்தையும் திரும்பத் திரும்ப வரைந்தவர்கள் உண்டு.

ஜெர்மனியில் லொட்டே ரைனிகர் 1926இல் வெளிவந்த 'இளவரசர் அக்மத்' படத்துக்குக் கண்ணாடித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நிழலுருவங்களைப் பரப்பினார். டிஸ்னி நிறுவனம் 1937இல் 'பழைய ஆலை' என்ற குறும்படத்தில் தட்டுகளுக்கு இடையே இடைவெளி விட்டு, மேலிருந்து கீழே பார்க்கும் பல அடுக்குக் கேமராவைப் பயன்படுத்தியது. படத்துக்கு ஆழம் கிடைத்தது. ஆனால் அடுக்குவதற்கும் ஒரு விலை இருந்தது. செல்லுலாய்ட் முழுத் தெளிவான பொருள் அல்ல. நான்கைந்து தாள் சேர்ந்தால் அடியில் உள்ள நிறம் மங்கும். அதனால் எந்தத் தாள் எத்தனையாவது இடத்தில் வரும் என்று முன்கூட்டியே தெரிந்து, அதற்கேற்ப நிறத்தைக் கூட்டிக் குறைத்துக் குழைத்தார்கள்.

பட்டியலாக மாறிய படம்

கணினியில் இந்த அடுக்கு வெறும் பட்டியலாக மாறியது. 1972இல் மார்ட்டின் நியூவெல், டிக் நியூவெல், டாம் சான்சா மூவரும் முப்பரிமாணப் படங்களில் எது எதை மறைக்கும் என்ற சிக்கலுக்கு ஒரு தீர்வு எழுதினார்கள். தொலைவில் இருப்பதை முதலில் வரை, கிட்டே இருப்பதைக் கடைசியில் வரை. ஓவியர் செய்வதும் இதுதான் என்பதால் அந்த முறைக்கு ஓவியரின் பெயரே நின்றுவிட்டது.

1984இல் ஆப்பிள் மெக்கின்டாஷ் கணினிக்கு இரண்டு வரையும் மென்பொருள்கள் வந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் கட்டளை பிறந்த இடம் தெரியும். பில் அட்கின்சன் எழுதிய மேக்பெயிண்ட்டில் எல்லாமே புள்ளிகள். சதுரத்தின் மேல் வட்டத்தை வரைந்தால், வட்டம் மறைத்த சதுரப் பகுதி அழிந்தே போகும். பெயர்ப்பலகை பெயிண்ட் மாதிரிதான், அடியில் போனது திரும்பாது. மார்க் கட்டர் எழுதிய மேக்டிராவில் சதுரமும் வட்டமும் தனித்தனிப் பொருள்கள். மென்பொருள் அவற்றை ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாக வரையும். சதுரத்தைப் பட்டியலின் கடைசிக்கு மாற்றினால் அது கடைசியாக வரையப்படும், அதனால் மேலே தெரியும். 'முன்னே கொண்டு வா', 'பின்னே அனுப்பு' என்று மெனுவில் தெரிந்த இரண்டு கட்டளைகளும் உள்ளே செய்தது இவ்வளவுதான்.

ஊடுருவித் தெரியும் படங்களுக்குக் கணக்கு வேறு. நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கட்மலும் 1977இல் ஒவ்வொரு புள்ளியோடும் அது எவ்வளவு மறைக்கும் என்ற அளவையும் சேர்த்துச் சேமித்தார்கள். அதற்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தார்கள். 1984இல் லூக்காஸ்ஃபிலிமைச் சேர்ந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் கணக்கைச் சூத்திரங்களாக வகுத்தார்கள். ஐந்தும் மூன்றும் எட்டு, மூன்றும் ஐந்தும் எட்டு. ஆனால் புகையின் மேல் தேரை வைப்பதும் தேரின் மேல் புகையை வைப்பதும் ஒன்றல்ல. வரிசை மாறினால் விடையும் மாறும்.

1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப், லேயர்களைப் பெற்றது 1994இல், மூன்றாம் பதிப்பில். திரையின் ஓரத்தில் ஒரு பலகை வந்தது. முன்னால் இருக்கும் லேயர் பலகையில் மேல் வரிசையில், பின்னால் இருப்பது கீழ் வரிசையில். சுட்டியால் பிடித்து இழுத்தால் போதும். வலக்கையில் இழுத்துக்கொண்டே இடப்பக்கம் படத்தைப் பார்க்கிறோம், தவறினால் உடனே தெரிகிறது. இந்தக் கட்டளைக்கு விளக்கம் தேவைப்படாமல் போனதற்குக் காரணம் அந்தப் பார்வைதான்.

எண் வந்தது, குழப்பமும் வந்தது

இந்த வேலையைச் சுட்டி இல்லாமல் நிரல் வழியாகச் செய்ய முயன்றபோது வரிசை எண்ணாக மாறியது. ஒவ்வொரு மென்பொருளிலும் எண்ணும் முறை வேறு. ஃபோட்டோஷாப்பின் நிரல்மொழியில் பூஜ்யம் என்ற எண்ணுள்ள லேயர் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். 2019இல் செருகுநிரல்களுக்குக் கதவு திறந்த ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் பூஜ்யம் என்பது எல்லாவற்றுக்கும் அடியில். ஆனால் ஃபிக்மாவின் பலகையிலும் முன்னால் இருப்பதுதான் மேல் வரிசையில் தெரிகிறது. அதாவது பார்க்கும் பட்டியலும் நிரலுக்குள் இருக்கும் பட்டியலும் தலைகீழ்.

இணையப் பக்கங்களுக்கு 1998இல் வந்த சிஎஸ்எஸ் இரண்டாம் பதிப்பு, பெரிய எண் முன்னால் நிற்கும் என்று வகுத்தது. ஆனால் அந்த எண் தன் சொந்தக் கூட்டத்துக்குள் மட்டுமே செல்லும். கூட்டமே பின்னால் இருந்தால் 9999 என்று எழுதினாலும் பயன் இல்லை. இதில் ஒரு தடவையாவது மண்டை காயாத இணைய நிரலாளரைப் பார்ப்பது அரிது.

இத்தனைக்கும் பெரிய சேதம் ஒன்றும் ஆகவில்லை. நிரல் எழுதியவர் ஓட்டிப் பார்ப்பார், படம் தலைகீழாக வரும், எண்ணை மாற்றுவார், வேலை முடிந்தது. கையேட்டில் ஒரு வரி குறைந்திருந்தால் அதைக் கண் ஈடுகட்டியது.

கையேடே கைப்பிடி

2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் மொழி மாதிரிகளுக்கு வெளிக் கருவிகளை அழைக்கும் வசதியைத் தந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்ற திறந்த நெறிமுறையை வெளியிட்டது. எந்த மென்பொருளும் தன் வேலைகளைக் கருவிகளாகப் பட்டியலிட்டு ஏஜெண்டின் கையில் கொடுப்பதற்கான பொது ஒழுங்கு அது. 2025 ஜூனில் ஃபிக்மாவே தன் எம்சிபி சேவையகத்தைச் சோதனை அளவில் திறந்தது.

இந்த ஒழுங்கில் ஒரு கருவியைப் பற்றி ஏஜெண்டுக்கு முக்கியமாகத் தெரிவது மூன்று சங்கதிகள்: பெயர், எழுத்தில் ஒரு விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற படிவம். கருவியின் உள்ளே இருக்கும் நிரலை அது பார்ப்பதில்லை. விளக்கத்தைப் படித்துத்தான் இந்தக் கருவியை எடுப்பதா, எந்த எண்ணைப் போடுவது என்று முடிவு செய்கிறது. முன்பு கையேட்டில் பிழை இருந்தால் பயனர் திட்டிவிட்டு வேலையை முடிப்பார். இப்போது பிழை நேராகப் பந்திங்கில் வந்து நிற்கும்.

மலாக்காவையே எடுத்துக்கொள்வோம். மாசி மகத்துக்கு, துக்காங் எமாஸ் சாலையில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்திலிருந்து செங் சன்னாசிமலைக்கு இரதம் புறப்படும். அந்த மாதம் தெங்கேரா சாலைப் பள்ளிவாசலைக் கடந்து கம்போங் செட்டி பக்கம் திரும்பும் ஒருவர், மின்கம்பத்தில் ஒரு திருவிழாப் பந்திங்கைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் கோப்பில் அடியில் அரக்கு நிறப் பின்னணி. அதன்மேல் இரதத்தின் படம். எழுத்து பளிச்சென்று தெரிய, படத்தின் மேல் மெல்லிய கருநிழல். அதற்கும் மேல் தலைப்பு. கீழ் ஓரத்தில் நன்கொடையாளர் சின்னங்கள் ஒரு பட்டையாக வரிசை கட்டி நிற்கின்றன.

தலைப்பு எப்படியோ இரதப் படத்துக்குப் பின்னால் போய்விட்டது. "தலைப்பை முன்னாடி கொண்டு வா" என்கிறார் வடிவமைப்பாளர். ஏஜெண்டின் கையில் உள்ள கருவிக்கு இப்படி ஒரு விளக்கம்: 'லேயரின் வரிசையை மாற்றும். தேவை: லேயர், எண்.'

இந்த ஒரு வரியில் எத்தனை குழி இருக்கிறது என்று பார்க்கலாம். முன்னால் என்றால் முதல் எண் என்று கருதி ஏஜெண்ட் பூஜ்யத்தைப் போடுகிறது. ஃபிக்மாவில் அது அடித்தட்டு, ஆகவே தலைப்பு அரக்கு நிறத்துக்கும் கீழே போய் மறைகிறது. கருவி 'வெற்றி' என்று பதில் அனுப்புகிறது, ஏஜெண்டும் "முடித்துவிட்டேன்" என்கிறது.

எண் சரியாக விழுந்தாலும் அடுத்த குழி காத்திருக்கிறது. தலைப்பும் கருநிழலும் ஒரே குழுவில் இருந்தால், தலைப்பு குழுவுக்குள்தான் முன்னால் வரும். குழுவே இரதத்துக்குப் பின்னால் கிடக்கும்போது திரையில் ஒரு மாற்றமும் தெரியாது.

மூன்றாவது குழி 'ஒரு படி முன்னே' என்ற கட்டளையில் இருக்கிறது. இணைப்பு தடுமாறிப் பதில் வராமல் போனால் ஏஜெண்ட் அதே கட்டளையைத் திரும்ப அனுப்பும். முதல் தடவையே வேலை நடந்திருந்தால் லேயர் இப்போது இரண்டு படி ஏறியிருக்கும். 'எல்லாவற்றுக்கும் முன்னே' என்ற கட்டளைக்கு இந்த ஆபத்து இல்லை, பத்து தடவை சொன்னாலும் விளைவு ஒன்றுதான். எம்சிபியின் 2025 மார்ச் பதிப்பில் இதைக் குறிப்பதற்கென்றே ஒரு அடையாளம் சேர்க்கப்பட்டது: திரும்பச் செய்தாலும் விளைவு மாறாது என்று கருவியை எழுதியவர் அறிவித்துவிடலாம்.

நான்காவது குழிதான் ஊர்ச் சண்டையில் முடியக்கூடியது. நன்கொடையாளர் பட்டை ஃபிக்மாவின் தானியங்கி அமைப்பில் கட்டப்பட்டிருந்தால், பட்டியல் வரிசைதான் இடமிருந்து வலம் நிற்கும் வரிசையும். ஒரு சின்னத்தின் ஓரம் மறைகிறது என்று அதை முன்னால் கொண்டுவந்தால், அது பட்டையின் வலக்கோடிக்கு ஓடிவிடும். முதல் இடத்துக்குப் பணம் கட்டிய முதலாளி கடைசியில் நிற்பார். ஆலய நிர்வாகத்தில் யாரும் இதை மென்பொருள் கோளாறு என்று ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

விளக்கம் எப்படி மாறியது

இந்தக் குழிகளைத் தெரிந்துகொண்டு எழுதினால் விளக்கம் ஏறக்குறைய இப்படி வரும்:

'ஒரு லேயரை, அதே குழுவில் உள்ள இன்னொரு லேயருக்கு நேர் முன்னால் அல்லது நேர் பின்னால் வைக்கும். எது எதை மறைக்கிறது என்பது மட்டுமே மாறும். பக்கத்தில் மேலே கீழே நகர்த்த இதைப் பயன்படுத்த வேண்டாம், அதற்கு இடம் மாற்றும் கருவி இருக்கிறது. இரண்டு லேயர்களும் வெவ்வேறு குழுக்களில் இருந்தால் எதையும் மாற்றாமல், எந்தக் குழுக்கள் என்று சொல்லி நிற்கும். தானியங்கி அமைப்புக்குள் உள்ள லேயரை நகர்த்தினால் அது நிற்கும் இடமும் மாறும், அதனால் பயனரிடம் கேட்ட பிறகே செய்யவும். பூட்டிய லேயரைத் தொடாது. வேலை முடிந்ததும், அந்தக் குழுவின் புதிய வரிசையை முன்னாலிருந்து பின்னால் என்ற ஒழுங்கில் திருப்பிக் கொடுக்கும். ஒரே கட்டளையை இரண்டு முறை கொடுத்தாலும் விளைவு ஒன்றே.'

இதில் எண்ணே இல்லை. பூஜ்யம் அடியிலா உச்சியிலா என்று பத்தி பத்தியாக விளக்குவதைவிட, எண்ணைக் கேட்காமல் இருப்பது எளிது. இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. ஃபோட்டோஷாப்பின் நிரல்மொழியில் ஒரு லேயரை இன்னொன்றுக்கு முன்பாகவோ பின்பாகவோ வைக்கச் சொல்லும் முறை நெடுநாளாக இருக்கிறது. கடை முகப்பில் நின்று திருத்தம் சொல்லும் வாடிக்கையாளரும் "மூன்றாவது லேயர்" என்று சொல்வதில்லை. "நிழலுக்கு மேல, எழுத்துக்குக் கீழ" என்றுதான் சொல்கிறார்.

'ஒரு படி முன்னே' என்பதும் காணாமல் போயிருக்கிறது. சுட்டி பிடித்த கைக்கு அது வசதியான பொத்தான். தட்டித் தட்டிப் பார்த்துச் சரியான இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பார்வை இல்லாமல் படி எண்ணுவது இருட்டில் மாடி ஏறுவதுதான். அதை விளக்கத்தில் எழுதப் புகுந்தால் நிபந்தனைமேல் நிபந்தனை போட வேண்டிவரும், எடுத்துவிட்டால் பத்தியே மிச்சம்.

புதிய வரிசையைத் திருப்பிக் கொடுக்கும் என்ற வரியும் கண்ணுக்குப் பதிலாக வந்ததுதான். 'வெற்றி' என்ற ஒற்றைச் சொல் கருவி ஓடியது என்பதை மட்டும் சொல்கிறது. 'தலைப்பு, கருநிழல், இரதம், பின்னணி' என்று பதில் வந்தால், கேட்டதும் நடந்ததும் ஒன்றா என்று ஏஜெண்ட் தானே ஒப்பிட்டுக்கொள்ளும்.

தமிழ்க் கோப்பின் தனித் தொல்லை

இவ்வளவும் சரியாக எழுதிய பிறகும் தமிழ்க் கோப்புகளில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. லேயரைப் பெயர் சொல்லித்தான் ஏஜெண்ட் தேடுகிறது. எழுத்து லேயருக்கு நாம் பெயர் வைக்காவிட்டால், உள்ளே தட்டிய எழுத்தையே மென்பொருள் பெயராக எடுத்துக்கொள்ளும். ஒருங்குறியில் தட்டியிருந்தால் 'மாசி மகத் திருவிழா' என்றே வந்து நிற்கும். பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் வரும். அந்த எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து, தமிழ் வெறும் தோற்றம்.

கணினித் தமிழுக்கு மலேசியா கொடுத்தது கொஞ்சமல்ல. முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கியது இங்கேதான். இன்று ஆப்பிள் கணினிகளிலேயே வரும் தமிழ் சங்கம் எம்என் எழுத்துருவும் அவர் வடித்தது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆனாலும் அச்சுக்கடைகள் பழைய எழுத்துருவை விடவில்லை. அதற்குக் காரணம் சோம்பல் அல்ல. ஒருங்குறித் தமிழை ஒட்டினால் டிசைன் மென்பொருள்கள் பல ஆண்டுகள் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் பிய்த்துக் காட்டின. நாளைக் காலை பந்திங் தொங்க வேண்டும் என்னும்போது யாரும் எழுத்துக் குறியீட்டைப் பற்றிக் கவலைப்பட முடியாது. பழைய எழுத்துருவில் தட்டி, போதாக்குறைக்கு எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி அச்சுக்கு அனுப்பினார்கள். அப்படி மாற்றினால் அது எழுத்து என்ற அடையாளமே போய்விடும்.

போன ஆண்டுக் கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுவதுதான் பல ஆலயப் பந்திங்குகளின் வழக்கம். அந்தக் கோப்பில் 'தலைப்பை முன்னால் கொண்டு வா' என்றால் ஏஜெண்டுக்குத் தலைப்பு எது என்றே தெரியாது. ஆகவே நம் கருவியின் விளக்கத்தில் இன்னொரு வரி சேர வேண்டும்: 'பெயர் பொருந்தவில்லை என்றால் ஊகிக்க வேண்டாம். முதலில் முன்னோட்டப் படத்தை வாங்கி, எந்த லேயர் எங்கே இருக்கிறது என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் பயனரிடம் கேட்கவும்.' ஆங்கிலக் கோப்புகளை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு இந்த வரி எளிதில் தோன்றாது. கடையில் இருப்பவரோ கோப்பைத் திறந்த மறுநிமிடமே கேட்பார்.

விளக்கம் சரியா என்று பார்க்கவும் ஒரே வழிதான் உண்டு. கோணல்மாணலான பழைய கோப்புகளை ஏஜெண்டிடம் கொடுத்து, கடையில் வரும் திருத்தங்களையே சொல்லி, எங்கே சறுக்குகிறது என்று கவனிக்க வேண்டும். சறுக்கிய இடத்தில் சில சமயம் வாக்கியத்தைத் திருத்தினால் போதும். பல சமயம் கருவியையே திருத்த வேண்டியிருக்கும். எண்ணும் 'ஒரு படி முன்னே'யும் வெளியேறியது அப்படித்தான்.

முன்பெல்லாம் கருவி செய்து முடித்த பிறகு கையேட்டுக்காரரை அழைப்பார்கள். இந்தக் கட்டளையைப் பொறுத்தவரை முறை மாறிவிட்டது. கருவி என்ன செய்யும் என்பதை ஒரு வெளிநபருக்கு நாலு வரியில் சொல்ல முடியவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் அந்த நாலு வரியில் இருக்காது. அதனால் விளக்கத்தை முதலில் எழுதிப் பார்ப்பவர்தான் இனி கருவியையும் நன்றாகச் செய்வார். அந்த வேலைக்கு நிரலாளர் மட்டும் போதாது, திருவிழாவுக்கு முந்திய இரவு பத்துப் பேர் பத்துத் திருத்தம் சொல்ல, பொறுமையாக உட்கார்ந்து லேயர்களை மாற்றிக் கொடுத்த ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும்.